இரத்தலும் இருத்தலும்

ஒரு நாய்க்குப் பாடம் கற்பிக்கப் புகுந்து, அந்நாயிடமும் ஒரு சிறுவனிடமும் நான் பாடம் கற்றுக்கொண்ட கதையை இங்கே எழுத முற்படுகிறேன். முப்பது ஆண்டுகளுக்குமேல் கற்பித்தலையே தொழிலாகக் கொண்டவன் நான். பயிற்றுப்பணிக்காக எங்கள் பள்ளிக்கு வரும் இளம் ஆசிரியர்களை வழிநடத்தும் பொறுப்பும் நெடுங்காலமாக எனக்கு உண்டு. ஆகவே, கற்பித்தலைப் பற்றி எனக்குத் தெரியாதது அதிகமில்லை என்ற எண்ணம் என்னை அறியாமலே என்னுள் குடியேறியிருந்தது. அதனைக் குடிபெயர்த்த பெருமை மணி என்னும் நாயையே சாரும்.

எங்கள் பள்ளி நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் நடுவே இருக்கிறது. ஒரு காலத்தில் அதனைச் சுற்றிலும் ரப்பர் மரங்கள் இருந்தன. விடியுமுன் பெரட்டுக்கு மணி அடிக்கும்; உளியும் வாளியுமாக ஆண்களும் பெண்களும் நிரைநிரையாகப் பிரிந்து செல்வர். இன்று அம்மரங்கள் இல்லை. அவை நின்ற இடமெல்லாம் செம்பனை நிற்கிறது. லயங்களில் வாழ்ந்த குடும்பங்களுள் பெரும்பாலானவை நகர்ப்புறத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் போய்விட்டன. பிள்ளைகள் சிலர் தோட்டத்திலிருந்தும், பலர் வேன்களில் வெளியிலிருந்தும் வருகின்றனர். நூற்றைம்பதுக்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளிகள் என்று நம் நாட்டில் வகைப்படுத்துவர். எங்கள் பள்ளி அவ்வகையைச் சேர்ந்தது.

தோட்டத்தை விட்டுப் போனவர்கள் கட்டிலையும் பெட்டியையும் குலதெய்வத்தின் படத்தையும் எடுத்துச் சென்றார்கள். ஆனால், அடுக்குமாடியில் நாய்க்கு இடம் ஏது? பால்மரக் காட்டுக்குள் இருட்டில் முன்னே ஓடிப் பாம்புக்கும் பன்றிக்கும் குரைத்துக் காவல் காத்த நாய்கள் லயத்து வாசலிலேயே விடப்பட்டன. மணி அவற்றுள் ஒன்று. செம்மண் நிறம், ஒரு காது மடிந்திருக்கும். தன்னை வளர்த்த குடும்பம் போனபின் சில நாள் வெறும் வாசலிலேயே படுத்துக் கிடந்ததாம். பிறகு ஒரு காலைப்பொழுதில் பிள்ளைகளின் பின்னால் நடந்து பள்ளிக்கு வந்து சேர்ந்தது.

வந்ததும் அது கண்டுகொண்ட முதல் உண்மை, காலை பத்து மணிக்குச் சிற்றுண்டிச்சாலையில் நூறு கைகளில் உணவு இருக்கும் என்பதே. ஓய்வு நேரத்து மணி ஒலித்ததும் அது எங்கிருந்தாலும் வந்துவிடும். மேசையருகே உட்கார்ந்து முகத்தை நிமிர்த்திப் பார்க்கும். குரைக்காது, கடிக்காது, பார்க்கும், அவ்வளவுதான். அப்பார்வைக்கு முன் கல்நெஞ்சமும் கரைந்துவிடும். ஒரு பிள்ளை ரொட்டியைக் கிள்ளிப் போடும். மற்றொன்று மீகோரெங்கின் நுனியை நழுவ விடும்.

அப்பார்வைக்கு ஓர் அறிவியல் விளக்கம் உண்டு. புருவத்தின் உட்பகுதியை உயர்த்தும் தசை ஒன்று நாய்களிடம் நன்கு அமைந்திருப்பதையும், அவற்றின் மூதாதையான ஓநாய்களிடம் அது அருகியே காணப்படுவதையும் ஜூலியன் காமின்ஸ்கி என்னும் அம்மையாரும் அவருடைய குழுவினரும் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அத்தசை இயங்கும்போது நாயின் கண்கள் பெரிதாகவும், துயருற்ற குழந்தையின் கண்கள்போலவும் தோன்றும். பல்லாயிரம் ஆண்டுகள் மனிதனோடு வாழ்ந்ததில் நாய் பெற்ற கருவி அது. பத்து வயதுப் பிள்ளைகள் அதற்கு ஈடுகொடுக்க முடியாமற்போனதில் வியப்பில்லை.

இதனால் யாருக்கு என்ன கேடு என்று கேட்கலாம். கேடு இருந்தது. எங்கள் பள்ளியில் மலாய்மொழி கற்பித்த ஆசிரியை இசுலாமியர். அவர்தம் நெறிப்படி நாயின் எச்சிலோ ஈரமோ பட்ட இடத்தை ஏழுமுறை கழுவ வேண்டும். அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். ஒருநாள் அவர் உணவருந்திக்கொண்டிருந்தபோது மணி அவர் காலடியில் வந்து நின்று, ஈர மூக்கால் அவருடைய ஆடையைத் தொட்டுவிட்டது. அவர் கூச்சலிடவில்லை. உணவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அன்று மாலை என் அறைக்கு வந்து, "குரு பெசார், நான் அதனை வெறுக்கவில்லை. அதுவும் இறைவனின் படைப்புத்தான். ஆனால், நான் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது?" என்று மட்டும் கேட்டார். கேள்வி நியாயமானது. எனக்கு விடை தெரியவில்லை.

உள்ளூராட்சி மன்றத்திற்கு எழுதினால் ஆட்கள் வந்து பிடித்துச் செல்வர். பிடித்துச் செல்லப்படும் நாய்கள் திரும்பி வருவதில்லை என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். வேலியைச் செப்பனிட்டும் பார்த்தோம். பிள்ளைகள் நுழையும் வாயிலில் பிள்ளைகளோடு நுழையும் நாயை எந்த வேலி தடுக்கும்? அப்போது பயிற்றுப்பணிக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர், "இரண்டு நாள் கல்லால் அடித்தால் மூன்றாம் நாள் வாராது, ஐயா" என்றார். நான் அவரை என் அறைக்கு அழைத்து உட்கார வைத்தேன். கல்லூரியில் தாம் படித்த உளவியலை அவர் தேர்வுத்தாளிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது. நானும் என் உளவியலை எங்கோ விட்டுவிட்டிருந்தேன் என்பதை அப்போது நான் அறியேன்.

ஆசிரியப் பயிற்சியில் நாம் எல்லாரும் படித்த பெயர்கள்தாம். உருசிய அறிஞர் பாவ்லோவ் செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய ஆய்வுக்கூடத்து நாய்கள் உணவைக் கண்டபின் மட்டுமன்றி, உணவு கொண்டுவரும் பணியாளரின் காலடியோசை கேட்டபோதே எச்சில் ஊறின. எங்கள் பள்ளியின் ஓய்வு நேர மணியொலி மணிக்கு அத்தகைய காலடியோசை ஆகிவிட்டது. அமெரிக்க அறிஞர் தார்ண்டைக் 1898-ஆம் ஆண்டில் பூனைகளைப் பெட்டிகளில் அடைத்து ஆராய்ந்து, இன்பமான விளைவைத் தரும் செயல் மீண்டும் மீண்டும் நிகழும் என்னும் விதியைக் கண்டார். மணி மேசையருகே உட்காருகிறது, ரொட்டி விழுகிறது, ஆகவே நாளையும் உட்காரும். இதில் நாயின் பிழை ஏதுமில்லை. அதற்கு இரக்கக் கற்பித்தவர்கள் நாமே. நாள்தோறும், தவறாமல், நூறு ஆசிரியர்கள் சேர்ந்து கற்பித்த பாடம் அது. ஒரு கல் அதனை அழித்துவிடுமா?

ஆகவே, ஒரு திட்டம் வகுத்தோம். சபைகூடலில் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொன்னேன். "மணியை அனுப்பிவிடாமல் இருக்க வேண்டுமானால், மணி சிற்றுண்டிச்சாலைக்கு வாராமல் இருக்க வேண்டும். அது உங்கள் கையில் இருக்கிறது. மேசையருகே வந்தால் கொடுக்காதீர்கள், திட்டாதீர்கள், துரத்தாதீர்கள், பார்க்கவும் செய்யாதீர்கள்." திட்டக் கூடாது என்றது சிலருக்கு விளங்கவில்லை. தனித்து விடப்பட்ட உயிருக்குத் திட்டும் ஒரு கவனிப்பே. கவனிப்பாரற்றுக் கிடக்கும் மாணவன் வகுப்பில் குறும்பு செய்வது எதற்காக என்று அறிந்த ஆசிரியர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

கொடாமை மட்டும் போதாது என்பதையும் நாங்கள் அறிந்திருந்தோம். ஒரு வழக்கத்தை நீக்கினால் அவ்விடத்தில் மற்றொன்றை நட வேண்டும்; வெற்றிடத்தில் பழைய களையே முளைக்கும். வாயிலருகே காவலர் குடிலுக்குப் பின்னால் மழைமரம் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் ஒரு பழைய சாக்கை விரித்தோம். ஓய்வு நேரத்திற்குக் கால் மணி நேரம் முன்பாகவே மணிக்கு அங்குச் சோறு வைக்க ஏற்பாடு செய்தோம். எலும்பு நீக்கிய கோழி சிறிது, குழம்பு கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதும், வெந்த கோழியெலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதும் பலர் அறியாதவை. அன்பினால் மேசையிலிருந்து எறியும் எச்சம் சில வேளை நஞ்சாகவும் முடியும்.

சோறு உண்டபின் பாடம். சாக்கில் அமர்ந்தால் விரல்நுனி அளவு ஈரல் துண்டு. முதல் நாள் சில நொடி அமர்ந்ததற்கு ஒரு துண்டு. அடுத்து அரை நிமிடம். அடுத்து இரண்டு நிமிடம். ஓய்வு நேரமோ இருபது நிமிடம். அதுவே எங்கள் இலக்கு. எழுந்து ஓடினால் தண்டனை இல்லை, துண்டும் இல்லை. காவலர் "இடம்" என்று ஒரு சொல் சொல்வார். அது அமர்ந்தால் துண்டைச் சாக்கின்மீதே வைப்பார். கையிலிருந்து தாவிப் பறிக்க விடமாட்டார். எளிதிலிருந்து அரிதிற்குச் செல்க என்று நாம் பாடக்குறிப்பில் எழுதும் நெறிதான் இது.

மூன்று நாள் நன்றாகவே நடந்தன. நான்காம் நாள் எல்லாம் பாழாயிற்று எனத் தோன்றியது. மணி சாக்கை விட்டு எழுந்து ஓடிச் சிற்றுண்டிச்சாலைக்குள் புகுந்து, முன்னெப்போதும் இல்லாதவாறு குரைத்தது. மேசைமீது காலை வைத்தது. ஒரு சிறுமியின் பாவாடையைப் பற்றி இழுத்தது. பயிற்சி ஆசிரியர் என் முகத்தைப் பார்த்தார். அவர் சொல்லாத சொல் என் காதில் விழுந்தது.

ஆனால், இதுவும் நூலில் உள்ளதே. வழக்கமாகக் கிடைத்தது திடீரென்று நின்றுவிட்டால், உயிர்கள் அடங்குமுன் ஒருமுறை பொங்கும். அணையப்போகும் விளக்கின் சுடர் உயர்வதில்லையா? அந்நேரத்தில் மனம் தளர்ந்து ஒரு துண்டு எறிந்துவிட்டால், முன்னிலும் பெரிதாகக் குரைத்தால் கிடைக்கும் என்னும் புதிய பாடத்தை நாமே கற்பித்தவராவோம். பிள்ளைகள் அன்று காட்டிய உறுதியை நான் மறவேன். நூறு பிள்ளைகள் தத்தம் தட்டைப் பார்த்தபடியே உண்டனர். சிலர் கண்கலங்கினர். கொடுப்பதைவிடக் கொடாமல் இருப்பது அன்பாகும் தருணமும் உண்டு என்பதை அவர்கள் அன்று கற்றனர். எட்டாம் நாள் மணி பெரும்பாலும் சாக்கிலேயே இருந்தது.

இரண்டாம் வாரத்தின் நடுவில் ஒரு புதுமை. ஏனைய மேசைகளை மணி திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனால், கடைசித் தூணின் அருகே மட்டும் அது சென்று நின்றது. ஒருநாள் வரும், ஒருநாள் வாராது, பின்னர் இருநாள் தொடர்ந்து வரும். எவரோ ஒருவர் இடையிடையே கொடுக்கிறார் என்பது தெளிவாயிற்று.

இங்கே ஸ்கின்னர் என்னும் அறிஞரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எலிகளை ஆராய்ந்த அவர், நெம்புகோலை எலி அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஓர் உணவுருண்டை கொடுத்துவந்தார். உருண்டைகளை அவரே செய்ய வேண்டும். ஒரு சனிக்கிழமை பிற்பகல் இருப்பைக் கணக்கிட்டபோது, திங்கட்கிழமை காலைக்குள் அது தீர்ந்துவிடும் எனக் கண்டார். உடனே, ஒவ்வொரு முறையும் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா என்று எண்ணி, நிமிடத்திற்கு ஒருமுறை மட்டும் கொடுத்துப் பார்த்தார். எலிகள் சோர்ந்துவிடவில்லை; சீராக அழுத்திக்கொண்டே இருந்தன. எப்போதும் கிடைப்பதால் உண்டாகும் பழக்கத்தைவிட, எப்போதாவது கிடைப்பதால் உண்டாகும் பழக்கமே அழிக்க முடியாத வலிமை உடையது என்பது அவ்வழியில் தெளிவாயிற்று. இது பற்றி அவரும் பெர்ஸ்டர் என்பவரும் சேர்ந்து எழுதிய பெருநூல் 1957-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பரிசுச் சீட்டு வாங்குபவரும் தூண்டில் போடுபவரும் எழுந்து போகாமைக்கு இதுவே காரணம். "இன்று இல்லாவிடினும் நாளை" என்னும் நம்பிக்கையைவிட வலிய சங்கிலி எது?

அந்த "எவரோ ஒருவரை" நான் கண்டுபிடித்தேன். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன். தூணின் மறைவில் அமர்ந்து, கையிலிருந்த ரொட்டியில் பாதியைக் கிள்ளிக் கீழே வைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். அறைக்கு அழைத்துச் சென்று, கடிந்து பேசாமல்தான் கேட்டேன்.

"தம்பி, எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவல்லவா? நீ மட்டும் ஏன் கொடுக்கிறாய்?"

அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குக் கிடைக்கிற அன்னிக்கு மட்டுந்தான் கொடுக்கிறேன், ஐயா" என்றான்.

முதலில் அச்சொல்லின் பொருள் எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது நாற்காலியில் இருப்பு கொள்ளவில்லை. அந்த ரொட்டி அவனுடையது அன்று. அவன் வீட்டிலிருந்து காசோ உணவோ கொண்டுவருவதில்லை. ஓய்வு நேரத்தில் மேசை மேசையாக நடப்பான், கேட்க மாட்டான், நின்று பார்ப்பான். ஒருநாள் ஒருவன் ரொட்டி தருவான்; ஒருநாள் எவனும் தர மாட்டான். கிடைத்த அன்று தூணின் பின்னால் போய் அமர்ந்து, தன்னைப்போலவே நின்றுகொண்டிருந்த மற்றோர் உயிர்க்குப் பாதி கொடுத்திருக்கிறான்.

இரண்டு வாரம் அச்சிற்றுண்டிச்சாலையில் நின்று ஒரு நாயின் நடத்தையை நொடிக்கணக்கில் குறித்துவைத்திருந்தேன். அதே மேசைகளிடையே நடந்த சிறுவனை நான் காணவில்லை. இன்னும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். அவ்வப்போது அவன் என் அறைவாசலில் வந்து நிற்பான். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பான். மனம் இளகிய நாளில் ஒரு வெள்ளியை அவன் கையில் வைப்பேன். வேலை மிகுந்த நாளில் "வகுப்புக்குப் போ" என்று கடிந்து அனுப்புவேன். அதனை இரக்கம் என்றே நான் எண்ணியிருந்தேன். ஸ்கின்னரின் நெம்புகோல் பெட்டியாக நானே இருந்தேன் என்பது அன்றுதான் எனக்குப் புலப்பட்டது. நாயையும் குழந்தையையும் நான் ஒரு தட்டில் வைத்து நிறுக்கவில்லை, அஃது அறமாகாது. ஒப்புமை வாங்கிய இருவரிடையே அன்று; கொடுத்தவர்களிடையே.

எங்கள் பள்ளியிலும் அரசின் துணை உணவுத் திட்டம் நடைபெறுகிறது. வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் பள்ளியில் உணவு கிடைக்கும். இவன் பெயர் ஏன் பட்டியலில் இல்லை? ஏட்டைப் புரட்டினேன். தந்தை படிவத்தை நிரப்பித் தரவில்லை. ஆசிரியர் இருமுறை நினைவூட்டியிருக்கிறார். அதற்குமேல் எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று மாலை அவன் வீட்டிற்குச் சென்றேன். எஞ்சியிருக்கும் லயத்தில் கடைசி வீடு. தந்தை செம்பனைக் குலை அறுப்பவர். அப்போதுதான் வேலை முடித்துக் குளித்துவிட்டு வந்தார். தாய் உடல்நலங்குன்றிப் படுத்திருந்தார். எனக்கு வரக்கோப்பி கொடுத்து அமர வைத்தார். செய்தியைச் சொன்னதும் அவர் முகம் இறுகியது.

"பிச்சைச் சோறு வேண்டாம், ஐயா. இலவசச் சோறு வாங்குறவங்க தனி வரிசையில நிக்கணும்னு பையன் சொன்னான். எங்கப்பா இந்தத் தோட்டத்துல பால் வெட்டினவரு. யார்கிட்டயும் கைநீட்டினதில்லை."

அவருக்கு என்ன விடை சொல்வேன்? மகன் மேசை மேசையாக நிற்கிறான் என்று சொல்லி அவருடைய மானத்தைக் குத்தவும் மனம் வரவில்லை. என் கதையைத்தான் சொன்னேன்.

என் தாயும் பால்மரம் வெட்டியவர். எனக்கு ஏழு வயது இருக்கும். அவர் காட்டிலிருந்து திரும்ப நண்பகல் ஆகும். காலையில் குடித்த கோப்பி பத்து மணிக்குள் வயிற்றில் இல்லாமற்போகும். அப்போதெல்லாம் கிராணியார் வீட்டின் பின்கட்டு வாசலில் போய் நிற்பேன். ஒருநாள் முறுக்குக் கிடைக்கும், ஒருநாள் தோசை, ஒருநாள் "போடா" என்னும் சொல் மட்டும். ஆனாலும் மறுநாள் நிற்பேன். என் தாய்க்குச் செய்தி எட்டியது. அடிப்பார் என்று நடுங்கினேன். அவர் அடிக்கவில்லை. பழைய பெட்டிப்பலகை ஒன்றைக் கழுவி அடுக்களைச் சுவரோரம் போட்டார். "இது உன் இடம். பத்து மணிக்கு இங்கே வந்து உட்கார். கஞ்சியானாலும் இங்கே இருக்கும். சோறு இருக்கும் இடத்தைத் தேடி நீ போகாதே, உன் இடத்தைத் தேடிச் சோறு வரட்டும்" என்றார். அன்றுமுதல் விடியற்காலையில் தாம் உண்ண வேண்டிய பங்கிலிருந்து ஒரு கிண்ணத்தைப் பலகையருகே மூடி வைத்துவிட்டே அவர் பெரட்டுக்குப் போனார். எழுதப் படிக்கத் தெரியாத அவர் பாவ்லோவையும் அறியார், ஸ்கின்னரையும் அறியார். ஆனால், தடுப்பது பாதி. இடம் தருவதே மீதி என்பதை அறிந்திருந்தார்.

"இத்திட்டம் பிச்சை அன்று, நாட்டின் பிள்ளைக்கு நாடு போடும் பலகை. நாம் கட்டும் வரியும் அதில் கலந்திருக்கிறது" என்றேன். அவர் சிறிது நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்படின்னா, அவன் எல்லாரோடும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடணும், ஐயா. தனியா நிக்கக் கூடாது" என்றார். அது வேண்டுகோள் அன்று, நிபந்தனை. நியாயமான நிபந்தனை. படிவத்தில் கையொப்பமிட்டார்.

நம் தமிழாசிரியர்க்குத் தொல்காப்பியம் கூறும் ஒரு நுட்பம் நினைவிருக்கும். ஒன்றை வேண்டிக் கேட்பதற்கு ஈ, தா, கொடு என மூன்று சொற்கள் உண்டு. தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் கேட்பது ஈ. ஒத்தோனிடம் கேட்பது தா. உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் கேட்பது கொடு. பொருள் ஒன்றே, நிற்கும் இடம் வேறு. மொழியின் இலக்கணத்திலேயே கேட்பவனின் மானத்திற்கு ஓர் அளவு வைத்தவர்கள் நம் முன்னோர். வள்ளுவரும் இரவு என ஓர் அதிகாரம் வைத்து, அதனையடுத்தே இரவச்சம் எனவும் ஓர் அதிகாரம் வைத்தார். கேட்கத்தக்காரிடம் கேட்கலாம் என்று ஒன்றில் கூறியவர், கேட்கவே அஞ்சுக என்று மற்றொன்றில் கூறினார். இவ்விரண்டும் முரண்பாடு என்று மாணவனாக இருந்தபோது நினைத்திருந்தேன். அக்கடைசி லயத்து வீட்டிலிருந்து திரும்பி நடந்தபோதுதான் அவை ஒரே உண்மையின் இரு புறங்கள் எனத் தெளிந்தேன். "ஈ" என்று நிற்கும் பிள்ளையைத் "தா" என்று கேட்கும் நிலைக்கு உயர்த்துவதன்றிக் கல்விக்கு வேறு பயன் என்ன?

மறுவாரமே சிற்றுண்டிச்சாலையில் தனி வரிசையை எடுத்துவிட்டோம். துணை உணவு பெறும் பிள்ளையும் காசு கொடுத்து வாங்கும் பிள்ளையும் ஒரே வகைத் தட்டில், ஒரே மேசையில், தத்தம் வகுப்போடு அமர்ந்தனர். எவருடைய தட்டு எவ்வழியில் வந்தது என்பது பார்ப்பவர்க்குத் தெரியாது. இதற்குச் செலவு ஏதும் இல்லை. முன்பே செய்திருக்கலாம். செய்யாமைக்குக் காரணம் ஒன்றுதான்: தனி வரிசை எனக்கு வசதியாக இருந்தது, தலையெண்ணிக் கையொப்பமிட எளிதாக இருந்தது.

அச்சிறுவன் அதன்பின் என் அறைவாசலில் வந்து நிற்கவில்லை. மணிக்குச் சோறு வைக்கும் பொறுப்பை அவனிடமே ஒப்படைத்தோம். தூணின் மறைவில் கொடுத்தவன், இப்போது மழைமரத்தடியில் எல்லாரும் காணக் கொடுத்தான். "இடம்" என்று அவன் சொன்னால் மணி அமர்ந்துவிடும். சொன்னபின் அவன் கைகழுவிவிட்டு ஓடிவந்து தன் இடத்தில் அமர்வான். ஆறாம் வாரத்தில் மணி இருபது நிமிடமும் சாக்கிலேயே படுத்துறங்கக் கற்றுவிட்டது. எப்போதாவது பழைய நினைவு தலைதூக்கும். இரண்டடி எடுத்து வைக்கும். எவரும் பாராமை கண்டு திரும்பிவிடும். மறைந்ததாகத் தோன்றும் பழக்கம் ஓய்வுக்குப்பின் மீண்டும் எட்டிப் பார்க்கும் என்பதைப் பாவ்லோவும் குறித்திருக்கிறார். அதனைத் தோல்வி என்று எண்ணாதிருக்கக் கற்பதும் ஆசிரியப் பயிற்சியே.

மலாய்மொழி ஆசிரியை தம் பழைய இடத்திலேயே அமர்ந்து உண்டார். இரண்டாண்டு கழித்து மாற்றலாகிச் சென்ற நாளில், ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றைக் காவலரிடம் கொடுத்து, "மரத்தடியில் இருப்பவருக்கு" என்று சொல்லிச் சென்றார்.

ஆசிரியப் பெருமக்களே, பயிற்சி ஆசிரியர்களே, நாம் வகுப்பறையில் நாள்தோறும் செய்வதை எண்ணிப் பாருங்கள். விடை தெரியாத மாணவன் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்கிறான். நேரம் போகிறதே என்று நாமே விடையைச் சொல்லிவிடுகிறோம். மற்றொரு நாள் சினந்து அமரச் செய்கிறோம். ஒருநாள் கொடுத்தும் ஒருநாள் மறுத்தும், விடைக்காகப் பிறர் முகம் பார்த்து நிற்கும் பழக்கத்தை அவனுள் ஆழ வேரூன்றச் செய்கிறோம். பிறகு, "இக்காலத்துப் பிள்ளைகளுக்குச் சிந்திக்கத் தெரியவில்லை" என்று ஆசிரியர் அறையில் வருந்துகிறோம். மறுத்துவிடுவதும் கல்வியன்று, இரங்கி எறிவதும் கல்வியன்று. அவனுக்கென ஓர் இடத்தை விரித்து, அங்கு அவன் சில நொடியேனும் தானாக அமர்ந்ததற்கு ஒரு துண்டு வைத்து, மறுநாள் இன்னும் சற்றுக் காத்திருக்கச் செய்வதே கல்வி.

அச்சிறுவன் இப்போது இடைநிலைப் பள்ளியில் பயில்கிறான். மணிக்கு வயதாகிவிட்டது, காது சரியாகக் கேட்பதில்லை. ஓய்வு நேர மணி ஒலிப்பதும் அதற்குத் தெரியுமோ என்னவோ. ஆயினும், பத்து மணி நெருங்கும்போது எழுந்து, மெல்ல நடந்து, மழைமரத்தடிச் சாக்கில் போய்ப் படுத்துக்கொள்கிறது. சோறு வந்து சேர்கிறது.